டிலரியின் சிறந்த எதிராளி

நியூயார்க்,
ஆகஸ்ட் 3, 1983

அன்புள்ள வெர்டெல் அண்ணா,

இத்துடன் எங்கள் ‘கார்னர்’ குத்துச்சண்டைப் பத்திரிகையின் ஆகஸ்ட் இதழை அனுப்பியிருக்கிறேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பார். கட்டுரையின் கீழே பெயர் இல்லை, ஆனால் எழுதியது நான்தான். பெயர் போடட்டுமா என்று ஆசிரியர் ஹென்ட்ரி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் முந்திக்கொண்டது. அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இது தொடங்கியது ஒரு சண்டையில். ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் இதே சண்டைதான்: ஹெவிவெயிட் சாம்பியன்களில் யார் பெரியவன். ஹென்ட்ரி, “மார்சியானோ கடைசிவரைக்கும் தோக்கவே இல்லையேய்யா, அதுக்கு மேல என்ன வேணும்” என்றார். அச்சுப் பிழை திருத்தும் ஃபிங்க் விடவில்லை. “யாரை ஜெயிச்சான்? முப்பத்தேழு வயசு ஜோ லூயிஸை. நரைச்ச தலையை அடிக்கிறது ஒரு வீரமா?” அதற்கு ஹென்ட்ரி, “உங்க லூயிஸ் மட்டும்? மாசத்துக்கு ஒரு உதவாக்கரையை அடிக்கிறான்னு அன்னிக்கு எல்லாப் பேப்பரும் சிரிச்சுதே.” யாரோ அலி என்றார்கள். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் என்று விரல் மடக்கினார்கள். சாண்ட்விச் துணுக்குகள் பறந்தன.

நான் மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எத்தனை பேரை ஜெயித்தான் என்று பார்ப்பதைவிட, ஜெயிக்கப்பட்டவன் அந்த நேரத்தில் எப்படி ஆடிக்கொண்டிருந்தான் என்று பார்க்கலாமே என்று சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், ஃபிங்க் “யாரு பேசினது” என்று திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரம் அந்த வேலையையே என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு சாம்பியனின் எதிராளிகளையும் எடுத்து, அந்த எதிராளி அதற்கு முன்னும் பின்னும் ஆடிய ஆட்டங்களைப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்தேன். ராய்ஸ் டிலரியிடம் வந்தபோது கை நின்றது. பட்டத்துக்காக அவனை எதிர்த்தவர்களில் பாதிப் பேர் மூன்றாம் தரம். ஆனால் சாம்பியன் ஆவதற்கு முன், 1971இல், நம் ஊர் அரங்கில் அவனோடு ஆடிய ஒருவன் இருக்கிறான். இரண்டு நடுவர்கள் டிலரி ஜெயித்தான் என்று மதிப்பெண் போட்டார்கள், ஒருவர் மற்றவனுக்குப் போட்டார். ஆபீஸ் அலமாரியில் அந்தப் படச்சுருள் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். என் அண்ணன் என்று நினைக்காமல் பார்க்க வேண்டும் என்று உன் முகம் வரும்போதெல்லாம் காலை மட்டும் பார்த்தேன். அப்படிப் பார்த்தும் நீதான் ஜெயித்தாய்.

மூன்று வாரமாகக் கூப்பிடுகிறேன். இர்மா அண்ணி எடுத்து, நீ குளிக்கிறாய் என்கிறாள். எவ்வளவு நேரம்தான் குளிப்பாய்?

உன் தங்கை,
ஆர்னெட்டா


பிலடெல்பியா
ஆகஸ்ட் 11

நெட்டிக்கு,

புக்கு வந்துச்சு. ஜிம்மு ஓனர் பாஸ்கின் பெஞ்சு மேல ஏறி நின்னு, பாதிரியார் மாதிரி சத்தமாப் படிச்சாரு. “டிலரி தன் வாழ்நாளில் சந்தித்த ஆகச் சிறந்த எதிராளி வெர்டெல் பெட்வே.” பசங்க கை தட்டினாங்க. ஒரு வாலு கேக்குறான், “ஏன் வெர்டெல், இவ்ளோ பெரிய ஆளா நீ? அப்புறம் ஏன் தினம் எங்க டவலை எடுத்துத் தொடச்சிக்கிட்டுப் போற?” நானும் சிரிச்சேன்.

சாயங்காலம் கார்மோடி ஃபோன் பண்ணான். அட்லாண்டிக் சிட்டியில யாரை யாரோட மோத விடறதுன்னு முடிவு பண்றவன் அவன்தான். இர்மா எடுத்து ரிசீவரை என் காதுல வச்சா.

“வெர்டெல், உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லப்பா. ஃபைஃப் பையனோட மேனேஜர் புக்கைப் படிச்சிட்டான். டிலரிக்கே தண்ணி காட்டினவனை எம் பையன் முன்னாடி கொண்டாந்து நிறுத்துறியே, நீ மனுசனான்னு கேக்குறான். வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டான்.”

லமான்ட் ஃபைஃப் உனக்குத் தெரிஞ்சிருக்கும். இருபத்திரண்டு வயசு, இன்னும் யார்கிட்டயும் தோக்கல, அடுத்த சாம்பியன்னு உங்க ஆபீசே எழுதுது. அவனோட நவம்பர்ல எனக்கு ஆட்டம் பேசி வச்சிருந்தான் கார்மோடி. உனக்குச் சொல்லல. நடந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அது போச்சு. உன் ஒரு பக்கத்தால போச்சு.

எதிராளின்னா என்னன்னு நீ படிச்ச காலேஜுல சொல்லித் தரலியா? எதிர்ல நிக்கிறவன் எல்லாம் எதிராளி இல்ல. தோக்கறதுக்குன்னே கூப்பிட்டு வர்றவன்தான் எதிராளி. பத்து ரவுண்டு நிப்பான், கூட்டத்துக்குப் பொழுது போகும், வளர்ற பையன் கணக்குல ஒரு ஜெயிப்பு ஏறும், பையனுக்கு ஒரு கீறலும் இருக்காது. பன்னெண்டு வருஷமா நான் சேத்து வச்ச பேரு அது ஒண்ணுதான். பெட்வே பத்திரமான ஆளு. கண்ணை மூடிக்கிட்டுக் கூப்பிடலாம். நீ என்னடான்னா, இவன் கடிப்பான் ஜாக்கிரதைன்னு கழுத்துல போர்டு மாட்டிட்ட.

அடுத்த புக்குல திருத்தம் போடு. கணக்குல தப்பாயிடுச்சு, பெட்வே மூணாந்தரம்னு போடு. ரெண்டு வரி போதும்.

வெர்டெல்


நியூயார்க்,
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைச் சுரங்க ரயிலில் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

திருத்தம் போட முடியாது. கணக்கில் தப்பில்லை. இந்த ஆபீசில் என் நிறத்தில் இருப்பவர்கள் இருவர், மற்றவர் இரவில் தரை துடைக்க வருகிறார். முதல் கட்டுரையிலேயே பொய் எழுதினாள் என்றால் எனக்கு இரண்டாவது கிடையாது. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது உண்மை என்பது. உன்னைப் பற்றி அச்சில் வந்த ஒரே உண்மையை நானே அழிக்க வேண்டும் என்கிறாய்.

எனக்கு முன்பே தெரிந்துதான் எழுதினேனா என்று நீ கேட்கவில்லை. ஒருநாள் கேட்பாய். ஃபைஃப் ஆட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

அந்த ஆட்டம் கைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. உனக்கு முப்பத்தேழு வயது. நரைத்த தலையை அடிப்பது வீரமா என்று ஃபிங்க் கேட்டாரே, அடி வாங்கும் அந்தத் தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜிம்முக்குக் கூப்பிட்டேன். பாஸ்கின் உன் கையில் ஃபோனைத் திணித்தார் போலிருக்கிறது. “நெட்டி, அப்புறம் பேசுறேன்” என்றாய். வாயில் ரொட்டியை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. வைத்த பிறகு மறுபடி பாஸ்கினைக் கூப்பிட்டு, அண்ணன் என்ன சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று கேட்டேன். ஒன்றும் சாப்பிடவில்லையே அம்மா என்றார்.

இதற்காகத்தான் இத்தனை குளியலா?

ஆர்னெட்டா


பிலடெல்பியா
ஆகஸ்ட் 30

நெட்டி,

என் வாயில என்ன வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் உன்னைப் படிக்க வச்சாங்களா? காலையில நாக்கு கொஞ்சம் இழுக்கும். மத்தியானம் சரியாயிடும். பாஸ்கினுக்கும் இழுக்குது, அவரு ரிங்குக்குள்ள காலே வச்சதில்ல. பல்லு போனவங்களுக்கெல்லாம் இழுக்கும்.

நீ உக்காந்து படம் பாத்து, பெட்வே ஜெயிச்சான்னு எழுதிட்ட. நான் ஜெயிச்சது எனக்குத் தெரியும். டிலரிக்கும் தெரியும். மணி அடிச்சப்போ அவன் என் மூஞ்சியைப் பாக்கல, தரையைப் பாத்தான். அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சு, பத்திரமா இருந்துச்சு. யாரு உன்னை அதை எடுத்துக் கடை போடச் சொன்னா?

ஒண்ணு சொல்றேன். இர்மாவுக்குக்கூடத் தெரியாது. ஃபைஃப் ஆட்டத்துல நான் தோக்கப் போறேன்னு உனக்கு யாரு சொன்னா? அவன் இடது கையைத் தூக்கி அடிச்சிட்டு, திரும்பி இழுக்கும்போது இடுப்பு வரைக்கும் கீழ விடறான். இதுவரைக்கும் அந்த நேரம் பாத்து யாரும் அடிச்சுத் தண்டிக்கல. ஏன்னா அவன் முன்னாடி நின்னவங்க எல்லாம் என்னை மாதிரி ஆளுங்க, தண்டிக்கறதுக்குக் கூப்பிடல. டிவியில வர்ற ஆட்டம் நெட்டி. இத்தனை வருஷத்துல நான் டிவியில வந்ததே இல்ல. மூணாந்தரம்னு நெனச்சு என்னை உள்ள விடட்டும். உள்ள போனப்புறம் நான் பாத்துக்கறேன்.

அவங்க கண்ணுல நான் மட்டமான ஆளா இருந்தாத்தான் எனக்கு அந்தக் கதவு திறக்கும். நீ எழுத மாட்டேன்னா விடு. எழுதாமலேயே காட்டறதுக்கு வேற வழி இருக்கு. ஒரு சாயங்காலம் போதும்.

வெர்டெல்


நியூயார்க்,
செப்டம்பர் 19

அண்ணா,

இன்று காலை வழக்கம்போல சனிக்கிழமை முடிவுகள் என் மேஜைக்கு வந்தன. அவற்றைப் பதிவது என் வேலை. மேற்கு வெர்ஜீனியா, வீலிங். டப் கோசார்ட், இரண்டாம் சுற்றில், வெர்டெல் பெட்வேயை வீழ்த்தினான்.

கோசார்ட் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். வார நாட்களில் லாரி, சனிக்கிழமை சண்டை. இந்த வருஷம் அவன் ஜெயித்த ஒரே ஆட்டம் இதுதான்.

ஃபிங்க் தாளை எடுத்து உரக்கப் படித்தார். “டிலரியோட ஆகச் சிறந்த எதிராளியை ஒரு லாரி டிரைவர் தூங்க வச்சிட்டானாம்.” சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்களுக்கு நீ என் அண்ணன் என்பது தெரியாது. பெட்வே என்ற பெயரில் தெற்கு மாநிலங்களில் ஆயிரம் குடும்பம் இருக்கிறது என்று நான்தான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லி வைத்தேன். நானும் சிரித்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு வீலிங் செய்தித்தாளை வரவழைத்தேன். படம் போட்டிருக்கிறார்கள். கோசார்ட்டின் முஷ்டி உன் தோளைத் தாண்டிக் காற்றில் இருக்கிறது. நீ பாதி விழுந்திருக்கிறாய். உன் வலது உள்ளங்கை தரையைத் தேடி முன்னால் நீண்டிருக்கிறது. நினைவு தப்பி விழுகிறவன் கையை ஊன்ற மாட்டான் அண்ணா. நான் இங்கே தினமும் பார்ப்பது விழுகிறவர்களின் படங்களைத்தான். அவர்களுடைய கைகள் எங்கோ கிடக்கும்.

யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்துவிட்டேன். வேண்டுமென்றே விழுந்தாய் என்று குத்துச்சண்டைக் கமிஷனுக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தப் படத்தை வைத்தால் போதும். உன் லைசென்ஸ் போய்விடும். ஃபைஃபும் கிடையாது, வேறு யாரும் கிடையாது. எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

அடி படவில்லையே?

ஆர்னெட்டா


பிலடெல்பியா
செப்டம்பர் 26

நெட்டி,

அடி படல. அந்த லாரிக்காரனுக்குக் கை பட்டுச்சுன்னே தோணல, பாவம், ஜெயிச்சிட்டோம்னு தெரியாம நடுவரைப் பாத்து முழிச்சான்.

ஞாயித்துக்கிழமை காலையில கார்மோடி ஃபோன். “என்னப்பா வெர்டெல், வயசாயிடுச்சு போல. ரொம்ப வருத்தமா இருக்கு. நவம்பர் அஞ்சு சும்மாத்தானே இருக்க?” வருத்தமா இருக்கவன் குரல் அது இல்ல. ஃபைஃப் மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டான். டிவிக்காரங்க வந்து என்னைப் படம் எடுத்துட்டுப் போனாங்க. இர்மா திரைச்சீலையெல்லாம் துவைச்சுப் போட்டா.

கமிஷனுக்கு எழுதணும்னா எழுது. உன் மெஷினு, உன் விரலு. ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசி, நீதான் யோசிக்கத் தெரிஞ்ச ஆளாச்சே. ஒரு தடவை விழுந்தவன்னு பேராயிட்டா, எல்லா ஆட்டத்தையும் தோண்டுவாங்க. அன்னிக்கு டிலரிகிட்ட எதுக்குத் தோத்தான்? அங்கயும் கைய ஊனினானா? யாரு சொல்லி விட்டுக் கொடுத்தான்? அந்த ஒரு ராத்திரிதான் என்கிட்ட இருக்கு. அதை முதல் தரம்னு எழுதினவ நீ. அதை நீயே குப்பையில போடுவியா?

அப்படிப் போட்டுத்தான் என்னைக் காப்பாத்தணும்னா, காப்பாத்தி வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ?

நவம்பர் அஞ்சு ராத்திரி டிவியப் போடு. அவன் இடது கைய மட்டும் பாத்துக்கிட்டே இரு.

வெர்டெல்


நியூயார்க்,
அக்டோபர் 8

அண்ணா,

போன சனிக்கிழமை உனக்குச் சொல்லாமல் பிலடெல்பியா வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. ஜிம்முக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். நீ வெளியே வந்தாய். தெரு முனையில் பிரெட்செல் ரொட்டி விற்கிறவனிடம் ஏதோ கேட்டாய். அவன் புரியாமல் மறுபடி கேட்டான். நீ மறுபடி சொன்னாய். மூன்றாவது தடவை நீ சொல்லவில்லை, விரலால் காட்டினாய். வாங்கிக்கொண்டு நடந்தாய், நடைபாதை விளிம்பை ஒரு காலால் தேடித் தேடி இறங்கினாய். அதற்குப் பிறகு நான் படச்சுருளை நினைக்கவில்லை.

திங்கட்கிழமை கமிஷனுக்கு எழுதினேன். படத்தையும் வைத்தேன். உன் தங்கை என்று முதல் வரியிலேயே எழுதினேன். உனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்றும் எழுதினேன். அவர்கள் அதை நம்பவில்லை என்று தெரிகிறது. உன்னை விசாரணைக்கு அழைப்பார்கள். இந்தக் கடிதம் அதற்கு முன் வந்து சேர வேண்டும்.

ஆபீசிலும் தெரிந்துவிட்டது. ஹென்ட்ரி கத்தவில்லை. “விழறவனை எந்தத் தரத்துல வைக்கிறதும்மா? எடுத்துடு” என்றார். டிலரியின் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்தேன். வேறு யாரும் தொட வேண்டாம் என்று நானே எடுத்தேன். நீ இல்லாமல் கூட்டிப் பார்த்தபோது டிலரி சாம்பியன்கள் வரிசையில் இரண்டு இடம் கீழே போனான். நீ அவனை எவ்வளவு தூரம் தாங்கிக்கொண்டிருந்தாய் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கும் வரியை எழுதி எழுதி அடித்துவிட்டேன். மறுபடி அந்த நிறுத்தத்தில் நின்றாலும் இதையேதான் செய்வேன்.

ஆர்னெட்டா


பிலடெல்பியா
நவம்பர் 14

நெட்டி,

எழுத வேண்டாம்னுதான் இருந்தேன்.

விசாரணைக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு. நான் பேச ஆரம்பிச்சதும் நடுவுல இருந்தவரு, “காலையிலேயே குடிச்சிட்டு வந்தியா” ன்னாரு. லைசென்சை வாங்கி வச்சிக்கிட்டாங்க, ஆயுசுக்கும் கிடையாதாம். பேப்பர்காரன் ஒருத்தன் டிலரியப் போய்க் கேட்டிருக்கான், எழுபத்தொண்ணுல பெட்வே விட்டுக் கொடுத்தானான்னு. டிலரி இப்போ கார் விக்கிறான். “பெட்வேயா? எத்தனையோ பேர் வந்தாங்க போனாங்க, யாரு ஞாபகம் வச்சிக்கிட்டிருக்கா” ன்னானாம். பேப்பரை மடிச்சு இர்மா கண்ணுல படாம வச்சேன்.

அது இருக்கட்டும். எழுதறது அதுக்கில்ல.

எனக்குப் பதிலா ஃபைஃபோட ஆட, ஆரின் மேப்ரின்னு கேம்டன் ஊர்ப் பையனைக் கார்மோடி பிடிச்சான். பையன்னா முப்பத்தொண்ணு ஆச்சு. நல்ல மனசு, மெதுவான காலு. எங்க ஜிம்முக்கு வருவான், என் டவலை எடுப்பான். நான் அவனைக் கூப்பிட்டு, ஃபைஃப் இடது கையக் கீழ விடுவான், அங்கதான் அடிக்கணும்னு சொல்லி அனுப்பினேன்.

டிவியில பாத்தேன். நீயும் பாத்திருப்ப. எட்டாவது ரவுண்டுல அந்தக் கை கீழ போச்சு. ஆரின் பாத்துட்டான், நான் சொன்னபடியே பாத்துட்டான். அடிக்கப் போனான். அவனுக்கு அந்த வேகம் இல்ல. எனக்கு இருந்துச்சு. அது எனக்கு மட்டும் இருந்த வேகம்னு சொல்லி அனுப்ப எனக்குத் தோணல. ஃபைஃபோட வலது கை வந்துச்சு. ஆரினோட கை எங்கயோ கிடந்துச்சு, நீ எழுதின மாதிரியே.

இன்னும் கண்ணு முழிக்கல. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கா, வோண்டான்னு பேரு. பக்கத்துல உக்காந்து அவன் நகத்தை வெட்டிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்து, “நீங்கதானே போகவேண்டிய ஆளு” ன்னா. கோவமாச் சொல்லல. நாற்காலிய நகத்திப் போட்டா, நான் உக்காந்தேன்.

என் பேச்சு அவளுக்குப் புரியுது. ரெண்டாந்தடவை கேக்கறதில்ல.

நேத்து அவ கேட்டா, “உங்க தங்கச்சிதானே பத்திரிகையில எல்லாருக்கும் தரம் போடுது? எங்க அண்ணன் எந்தத் தரம்?” மூணாந்தரம். எனக்குத் தெரியும், டிலரிகிட்ட தோத்தவங்க பட்டியல்ல உன் ஆகஸ்ட் புக்குல பாத்திருக்கேன். கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அடுத்த புதன்கிழமை மறுபடி போறேன். அதுக்குள்ள எழுது, அவகிட்ட நான் என்ன சொல்லணும்னு.

வெர்டெல்